காய்ச்சல் பர்மிட் கேட்பதில்லை

(டிசம்பர் 18, பன்னாட்டுப் புலம்பெயர்ந்தோர் தினத்தன்று நடந்த கூட்டமைப்புப் பொதுக்கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எப்போதும் நாங்கள் மைக்கைப் பிடித்தால் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வேறு ஒரு விஷயம். ஆனால் கடைசியில் அதுவும் நம் கடன் நோட்டில்தான் வந்து நிற்கும், பாருங்கள்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்களா? கணவரோ, மகனோ, அண்ணன் தம்பியோ, கொழுந்தனோ? கையைத் தூக்குங்கள்.

(பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன.)

சரி, கையைக் கீழே போடாதீர்கள். அவருடைய பர்மிட், விசா, அக்காமா, எந்தப் பெயரில் சொன்னாலும் சரி, அது எந்த மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று தெரிந்தவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்கள்.

(நான்கு கைகள் மட்டும் நின்றன.)

பார்த்தீர்களா? கறவை மாட்டுக்கு இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று நமக்குத் தெரியும். நகை ஏலத்துக்கு வரும் தேதி தெரியும். வீட்டு ஆளுடைய பர்மிட் தேதி தெரியாது. இது யாரையும் குறை சொல்ல இல்லை. அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கேட்டால், "அதெல்லாம் முதலாளி பார்த்துக்குவாரு" என்பார்கள்.

அந்தத் தேதி தாண்டிய ஒருவருக்கு, ஊரெங்கும் தொற்றுநோய் பரவும் நேரத்தில் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

காகிதம் எப்படிப் போகிறது?

வெளிநாட்டில் "சட்ட விரோதமாக" இருக்கிறார் என்றால், திருட்டுத்தனமாகக் கள்ளத் தோணியில் போனவர் என்று நாம் நினைக்கிறோம். நம் பகுதியில் நாங்கள் பார்த்தவரை அப்படிப் போனவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் விமானத்தில், பாஸ்போர்ட்டோடு, மாலை போட்டு அனுப்பி வைத்து போனவர்கள்தான். பிறகு மூன்று வழிகளில் காகிதம் இல்லாதவர் ஆகிவிடுகிறார்கள்.

ஒன்று, ஏஜெண்டு சுற்றுலா விசாவில் அனுப்பிவிடுவது. "போய் இறங்கு, அங்க பர்மிட் மாத்திக்கலாம்" என்பார். மாற்ற முடியாது. விசா நாள் முடிந்ததும் ஆள் சட்டத்துக்கு வெளியே.

இரண்டு, பர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருப்பது. சம்பளம் தரவில்லை, அடிக்கிறார், சொன்ன வேலை வேறு என்று அந்த இடத்தை விட்டு வெளியேறினால், பர்மிட்டும் போய்விடும். பல இடங்களில் பாஸ்போர்ட்டும் முதலாளி பெட்டியில்தான் இருக்கும். வளைகுடா நாடுகளில் இப்படி வெளியேறி வேலை செய்பவர்களை நம் ஆட்களே "கல்லிவல்லி" என்று சொல்கிறார்கள்.

மூன்று, புதுப்பிக்கப் பணம் கொடுத்தும் புதுப்பிக்காமல் போவது. இடைத்தரகர் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிடுவார்.

இந்த மூன்றாவது வழியில் மாட்டிய ஒருவருடைய மனைவி நம் கூட்டமைப்பில் இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். பெயரையும் ஊரையும் சொல்ல மாட்டோம். நீங்களும் யாராக இருக்கும் என்று திரும்பிப் பார்க்க வேண்டாம்.

ஒரு போன்

அந்தச் சகோதரியின் கணவர் கோலாலம்பூரில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தார். மஸ்ஜித் இந்தியா என்ற பகுதி. நம் ஊர்க்காரர்களின் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்த தெரு. அவர் போனதே குழுவில் வாங்கிய உள்கடனிலும், கழுத்தில் கிடந்ததை அடகு வைத்த பணத்திலும்தான். 2018இல் பர்மிட் புதுப்பிக்கப் பணம் கட்டினார். ஆள் ஓடிவிட்டான்.

2019 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை மலேசிய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. காகிதம் இல்லாதவர்கள் 700 ரிங்கிட் கட்டி, தங்கள் செலவில் டிக்கெட் எடுத்து, வழக்கில்லாமல் ஊர் திரும்பலாம். அவர் ஏன் அப்போதே வரவில்லை? இங்கே கடன் பாக்கி இருந்தது. "வெறுங்கையோட வந்து குழுவுல என்ன பதில் சொல்ல?" என்றாராம். மனைவியும் குழுவில் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பர்மிட் இல்லை என்று தெரிந்தால் அடுத்த கடன் தர மாட்டார்களே என்ற பயம்.

அதற்குள் 2020 வந்துவிட்டது. மார்ச் 18 முதல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு. இந்தியாவில் மார்ச் 25 முதல் ஊரடங்கு. விமானம் இல்லை. உணவகம் மூடிவிட்டது. ஒரே அறையில் எட்டுப் பேர். அவருக்குக் காய்ச்சல், இருமல்.

அந்தச் சகோதரி எங்களுக்குப் போன் செய்தார். அழுகையில் வார்த்தையே வரவில்லை. "மேடம், மூணு நாளா காய்ச்சல்ங்கிறாரு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னா, போனா பிடிச்சிக்குவாங்க, மாத்திரை வாங்கிப் போட்டுக்கிறேன்ங்கிறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

அவர் பயந்ததில் தப்பில்லை. காகிதம் இல்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் காவல்துறைக்கோ இமிக்ரேஷன் துறைக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டிலேயே மலேசியச் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. இது அங்கே வேலை செய்யும் அத்தனை பேருக்கும் தெரிந்த கதை.

ஆனால் அந்த மார்ச் மாதத்தில் அந்நாட்டின் மூத்த அமைச்சர் இஸ்மாயில் சப்ரி வேறு மாதிரி அறிவித்திருந்தார். நோயைக் கண்டுபிடிப்பதுதான் இப்போது முக்கியம், காகிதம் இல்லாதவர்களும் பயப்படாமல் சோதனைக்கு வரலாம் என்பது அதன் சாரம். நாங்கள் செய்தியைப் படித்திருந்தோம். அதனால் தைரியமாகச் சொன்னோம்: "போகச் சொல்லும்மா. பிடிக்க மாட்டாங்க. அரசாங்கமே சொல்லியிருக்கு."

அவர் போனார். சோதித்தார்கள். கொரோனா இல்லை என்று வந்தது. யாரும் பர்மிட் கேட்கவில்லை. திரும்பி வந்து, அறையில் இருந்த மற்றவர்களிடமும், "பயப்படாதீங்க, போங்க" என்று சொன்னார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மே தினம்

2020 மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் மஸ்ஜித் இந்தியா பகுதியில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழும் அடுக்குமாடிக் கட்டடங்கள் சிலவற்றை முள்கம்பி போட்டு அடைத்தார்கள். சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன், மெனாரா சிட்டி ஒன் என்று பெயர். யாரும் வெளியே வரக்கூடாது. உள்ளே இருப்போருக்குச் சோதனை. நோயைத் தடுக்க இது தேவை என்றே எல்லோரும் ஒத்துழைத்தார்கள்.

மே 1ஆம் தேதி, உழைப்பாளர் தினத்தன்று, அதே பகுதியில் இமிக்ரேஷன் அதிகாரிகளும் போலீசும் நுழைந்தார்கள். காகிதம் உள்ளவர் ஒரு பக்கம், இல்லாதவர் ஒரு பக்கம். நூற்றுக்கணக்கானவர்களை லாரிகளில் ஏற்றித் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டு போனார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். சோதனையில் நோய் இல்லை என்று தெரிந்தவர்களைத்தான் கொண்டு போகிறோம் என்றது அரசு. இப்படிச் செய்தால் மக்கள் ஒளிந்துகொள்வார்கள், நிறுத்துங்கள் என்று ஐ.நா. கேட்டுக்கொண்டது.

அடுத்து என்ன நடந்தது தெரியுமா? அதே மே மாதக் கடைசியில் புக்கிட் ஜாலில், செமினி, சிப்பாங் ஆகிய இடங்களில் இருந்த தடுப்பு முகாம்களுக்குள்ளேயே கொரோனா பரவியது. நெருக்கமான அறை, விலகி நிற்க இடமில்லை. பரவாமல் என்ன செய்யும்? நோயைத் தடுக்க வேண்டிய நேரத்தில், நோய் பரவ வசதியான இடத்தில் ஆட்களைக் கொண்டு போய் அடைத்ததாக ஆயிற்று.

நம் சகோதரியின் கணவர் அன்று வேறு இடத்தில் இருந்ததால் பிடிபடவில்லை. ஆனால் மே மாதம் இரண்டாம் வாரம் அவர் அறையில் இன்னொருவருக்குக் காய்ச்சல். அவரும் நம் பக்கத்து ஆள்தான். இப்போது யார் சொன்னாலும் அவர் போகத் தயாராயில்லை. கடைக்குப் பின்னால் சாமான் வைக்கும் அறையில் பதினோரு நாள் படுத்துக் கிடந்தார். மற்றவர்கள் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு வருவார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த அறையில் மேலும் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. அது கொரோனாவா, வேறு காய்ச்சலா? இன்றுவரை தெரியாது. யாரும் சோதிக்கவே இல்லையே. அந்த மூன்று பேரிடமிருந்து வேறு எத்தனை பேருக்குப் போனது என்பதும் தெரியாது.

அந்த நாளில் சகோதரி மறுபடி போன் செய்தார். "மேடம், அன்னைக்குப் போகச் சொன்னீங்க. இப்ப என்ன சொல்லட்டும்?"

எங்களிடம் பதில் இல்லை. உண்மையைச் சொல்கிறோம், அன்றைக்குப் போனை வைத்துவிட்டு எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. சமூகப்பணி படித்தோம், பயிற்சி எடுத்தோம், நூறு கூட்டத்தில் பேசினோம். மே மாதத்தில் மாறிப்போன ஒரு வாக்குறுதியை மார்ச் மாதத்தில் நம்பி, ஒரு குடும்பத்துக்கு உறுதி கொடுத்துவிட்டோம். அவர் பிடிபடாதது எங்கள் புத்திசாலித்தனத்தால் அல்ல. அவர் நல்ல நேரம், அவ்வளவுதான்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

ஒரு நாட்டை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது எங்கள் நோக்கம் இல்லை. அதே 2020இல் மற்ற நாடுகள் என்ன செய்தன என்று பார்ப்போம்.

சவூதி அரேபியா: மார்ச் 30ஆம் தேதி அந்நாட்டு மன்னர் ஓர் உத்தரவு போட்டார். கொரோனா வந்த எவருக்கும், அக்காமா முடிந்தவராக இருந்தாலும், இலவச சிகிச்சை.

போர்ச்சுகல்: ஐரோப்பாவில் உள்ள நாடு. அங்கே குடியிருப்பு அனுமதிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த வெளிநாட்டவர் ஏராளம். நோய் வந்ததும் அலுவலகங்கள் முடங்கின. மார்ச் 18ஆம் தேதிக்குள் மனுப் போட்டிருந்தவர்கள் அனைவரையும், முதல் கட்டமாக ஜூன் 30 வரை, அனுமதி பெற்றவர்களாகவே கருதுவோம் என்று அரசு அறிவித்தது. மனுப் போட்ட ரசீதே போதும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், உதவித்தொகை கேட்கலாம், வங்கிக் கணக்கு தொடங்கலாம். மனுவே போடாதவர்களுக்கு இது உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் நோய் நேரத்தில் காகிதத்துக்காக ஆளை அலைக்கழிக்கக் கூடாது என்ற எண்ணம் அதில் இருந்தது.

குவைத்: ஏப்ரல் மாதம் முழுவதும் பொதுமன்னிப்பு. அபராதம் இல்லை, விமானச் செலவும் அரசுடையது, பின்னால் முறையாகத் திரும்பி வரவும் தடையில்லை. நல்ல திட்டம். ஆனால் இந்தியாவில் மார்ச் மாதமே பன்னாட்டு விமானங்கள் நின்றுவிட்டன. பெயர் கொடுத்த நம் நாட்டவர்கள் முகாம்களில் காத்துக் கிடந்தார்கள். வந்தே பாரத் விமானங்கள் மே 7ஆம் தேதிதான் தொடங்கின. ஒரு நாடு கதவைத் திறந்து, சொந்த நாடு கதவு மூடியிருந்தால் ஆள் நடுவில்தான் நிற்க வேண்டும்.

தாய்லாந்து: டிசம்பரில் சமுத் சாகோன் என்ற ஊரின் இறால் சந்தையில் நோய் வேகமாகப் பரவியது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மியான்மரிலிருந்து வந்தவர்கள். "இவர்களால்தான் நோய்" என்று ஏச்சும் பேச்சும் கிளம்பின. அரசோ டிசம்பர் 29ஆம் தேதி, மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாட்டவரில் காகிதம் இல்லாதவர்கள் பெயரைப் பதிவு செய்தால் இரண்டு ஆண்டு இருந்து வேலை செய்யலாம் என்று முடிவு செய்தது. ஒளிந்திருப்பவர்களை வெளியே கொண்டுவர அது ஒரு வழி.

மலேசியாவிலும் கதை அதோடு முடியவில்லை. 2021 பிப்ரவரியில், காகிதம் இல்லாதவர் உட்பட எல்லா வெளிநாட்டவருக்கும் தடுப்பூசி இலவசம் என்றார்கள். ஜூனில் மறுபடியும் சோதனை, கைது. ஆகஸ்டில் கோலாலம்பூர் வட்டாரத்தில் முன்பதிவு இல்லாமல் நேரில் வந்தால் ஊசி என்று திறந்தபோது, புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கத்தின் முன்னால் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து நின்றார்கள். முந்தின வருடம் தடுப்பு முகாமில் நோய் பரவியதே, அதே புக்கிட் ஜாலில். காகிதம் இல்லாதவன் நோயைச் சுமந்துகொண்டு ஒளிய விரும்புகிறான் என்பது பொய். பிடிக்க மாட்டார்கள் என்று நம்பினால் அவனே வந்து வரிசையில் நிற்பான்.

"சட்டத்தை மீறினவர்தானே?"

இதைக் கேட்டதும் ஒரு சகோதரி மனதுக்குள் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். "ஒரு நாடுன்னா சட்டம் இருக்காதா மேடம்? காகிதம் இல்லாம இருந்தா பிடிக்கத்தானே செய்வாங்க?"

காகிதம் கேட்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. நாங்கள் மறுக்கவில்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில் கேட்பது என்பதுதான் கேள்வி.

அவர் சமைத்த சாப்பாட்டைத்தான் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிட்டார்கள். அவர் நின்ற பேருந்தில்தான் அவர்களும் நின்றார்கள். காய்ச்சல் பர்மிட் கேட்டுவிட்டா தொற்றுகிறது? வைக்கோல் போரில் நெருப்புப் பிடித்தால் அது யாருடைய போர், பட்டா யார் பெயரில் என்று விசாரித்துவிட்டா தண்ணீர் ஊற்றுவோம்? முதலில் அணைப்போம். அணைக்காவிட்டால் அடுத்தது நம் கூரை.

அதனால்தான் சுகாதாரத் துறையில் உள்ளவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் நடுவில் ஒரு சுவர் வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெயர், விலாசம், போன் நம்பர் அந்தச் சுவரைத் தாண்டி இமிக்ரேஷனுக்குப் போகக்கூடாது. சோதனைக்கு வந்த இடத்தில் கைது கூடாது. அந்த வாக்குறுதி இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாறவும் கூடாது. ஒரு தடவை உடைந்தால், அடுத்த தடவை யாரும் நம்ப மாட்டார்கள். குழுவில் ஒரு முறை கணக்கில் தப்பு நடந்தால் மறுபடி நம்பிக்கை வர எத்தனை வருடம் ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1990ஆம் ஆண்டு இதே டிசம்பர் 18ஆம் தேதி ஐ.நா.வில் நிறைவேறிய உடன்படிக்கை வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்குமானது. அதன் 28ஆவது பிரிவு, உயிர் காக்க அவசரமாகத் தேவைப்படும் சிகிச்சையை, தங்கும் அனுமதி சரியில்லை என்ற காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்கிறது. அந்த உடன்படிக்கையில் மலேசியாவும் வளைகுடா நாடுகளும் சேரவில்லை. வருத்தம் என்னவென்றால், இத்தனை பேரை வெளிநாட்டுக்கு அனுப்பும் நம் இந்தியாவும் சேரவில்லை.

நம் ஊர் எல்லையில்

இப்போது கொஞ்சம் நம்மைத் திரும்பிப் பார்ப்போம்.

2020 ஏப்ரல் ஞாபகம் இருக்கிறதா? ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டோம். வெளியாட்கள் வரக்கூடாது என்று அட்டை எழுதி மாட்டினோம். நம் பகுதிச் செங்கல் சூளை ஒன்றில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருந்தன. அவர்கள் வெளிநாட்டவர் அல்ல. நம் நாட்டுக் குடிமக்கள். இங்கே இருக்க அவர்களுக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. ஆனாலும் நம் ஊர்ப் பட்டியல் எதிலும் அவர்கள் பெயர் இல்லை. ரேஷன் கார்டு அவர்கள் ஊரில் இருந்தது. நமக்கு 1000 ரூபாயும் அரிசியும் கார்டைக் காட்டினால் கிடைத்தது. அவர்கள் எதைக் காட்டுவது?

ஒரு நாள் சாயங்காலம் அந்தச் சூளையிலிருந்து ஒரு பெண் காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றார். பாஷை தெரியாது. ஊருக்குள் விடக்கூடாது என்று சத்தம். சத்தம் போட்டவர்களில் நம் குழு உறுப்பினர்களும் உண்டு. வீட்டுக்காரர் அயல்நாட்டில் இருக்கும் உறுப்பினர்களும் உண்டு. இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் குழுவின் ஊக்குநர் ஒருவர் மட்டும் கிராம சுகாதார செவிலியருக்குப் போன் போட்டார். செவிலியர் வந்தார். முள்ளை ஒதுக்கிவிட்டு அந்தப் பக்கம் போய், குழந்தையின் நெற்றியில் கை வைத்து, விரலைக் காட்டிச் சைகையில் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை நாளா காய்ச்சல்?"

கார்டு எங்கே, ஆதார் எங்கே, எந்த ஊர், யார் கூட்டி வந்தது என்று எதுவும் கேட்கவில்லை. மருந்து கொடுத்தார். மறுநாளும் வந்து பார்த்தார். அந்த வாரம் நம் குழுக்கள் பிடி அரிசி சேர்த்துச் சூளைக்குக் கொடுத்தன. சத்தம் போட்டவர்களும் கொடுத்தார்கள்.

அந்த வருடம் மே, ஜூன் மாதங்களில் ரேஷன் கார்டு இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் ஆளுக்கு 5 கிலோ தானியம் என்று மத்திய அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு மே மாதம், அடையாள அட்டை இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட ஒரு நடைமுறையும் வந்தது. நாடோடிகள், சிறையில் இருப்போர், முதியோர் இல்லத்தில் இருப்போர், தெருவோரம் பிச்சை எடுப்போர் போன்றவர்களுக்கு அட்டை இல்லாமலே ஊசி போடலாம் என்றார்கள். ஆக, மனது வைத்தால் காகிதத்தைப் பின்னால் தள்ளி வைக்க முடியும் என்று நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

சகோதரிகளே, நாங்கள் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். நோயாளி வந்து நிற்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி எது? "எத்தனை நாளா காய்ச்சல்?" என்பதா, "காகிதம் எங்கே?" என்பதா? கோலாலம்பூரில் நம் வீட்டு ஆளிடம் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறோமோ, அதையே நம் ஊர் எல்லையில் நிற்பவரிடம் நாமும் கேட்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

பேச்சோடு நிறுத்தினால் பயனில்லை. அடுத்த நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை இருக்கின்றன.

1. வீட்டு ஆளுடைய பாஸ்போர்ட், விசா, பர்மிட் மூன்றுக்கும் நகல் எடுத்து வீட்டுப் பெட்டியில் வையுங்கள். முதலாளி பெயர், வேலை இடத்து விலாசம், அறையில் உடன் இருப்பவர் ஒருவரின் போன் நம்பர் எழுதி வையுங்கள். பர்மிட் முடியும் தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். ஆறு மாதம் இருக்கும்போதே, "புதுப்பிச்சாச்சா? ரசீதை அனுப்புங்க" என்று கேளுங்கள்.

2. இனிமேல் போகிறவர்கள் சுற்றுலா விசாவில் வேலைக்குப் போக வேண்டாம். மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டா என்று விசாரியுங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் என்று விதி இருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே சந்தேகப்படுங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போக அரசின் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். அப்போது பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் எடுத்துவிடலாம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய்.

3. பர்மிட் போனாலும் இந்தியக் குடியுரிமை போய்விடாது. நம் தூதரகம் அவருக்கும் தூதரகம்தான். பாஸ்போர்ட் கையில் இல்லாதவர் ஊர் திரும்ப எமர்ஜென்சி சர்டிபிகேட் என்ற ஒருவழிப் பயண ஆவணம் வாங்கலாம். கஷ்டத்தில் இருப்பவருக்கு டிக்கெட், அவசர சிகிச்சை, இறந்தவர் உடலை ஊர் கொண்டுவருதல் போன்றவற்றுக்கு 2009 முதல் தூதரகங்களில் நல நிதி ஒன்று இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். மனு எழுதத் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். எங்களிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

4. காய்ச்சல் என்று தெரிந்தால் ஒளித்து வைக்கச் சொல்லாதீர்கள். அதே சமயம், தெரியாததை உறுதியாகவும் சொல்லாதீர்கள். இது முதலில் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வது. அங்கே இன்றைக்கு நிலைமை என்ன, எந்த ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்காமல் பார்க்கிறார்கள், உதவும் தொண்டு நிறுவனம் எது என்று அந்த ஊரில் இருப்பவரிடம் விசாரித்துத்தான் இனி பதில் சொல்வோம். மார்ச் மாதச் செய்தியை வைத்து மே மாதத்துக்குப் பதில் சொல்ல மாட்டோம்.

5. கடைசியாக, இதுதான் முக்கியம். குழுவில் இதைப் பேச ஓர் இடம் வேண்டும். கணவருக்குப் பர்மிட் இல்லை என்று சொல்லும் உறுப்பினருக்குக் கடன் தகுதி குறையாது என்று ஒவ்வொரு குழுவும் முடிவு எடுக்க வேண்டும். அந்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஆனால் யாருடைய கணவர் என்ற பெயரை எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பிலும் போடாதீர்கள். கூட்டம் முடிந்து கிணற்றடியிலும் பேசாதீர்கள். ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் நடுவே சுவர் வேண்டும் என்று அரசாங்கங்களைக் கேட்கிறோமே, அதற்கு முன் நம் குழுவுக்குள் ஒரு சிறு சுவர் கட்டிக் காட்டுவோம்.

அந்தச் சகோதரி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவர் கணவர் 2021இல் அந்நாட்டின் ஊர் திரும்பும் திட்டத்தில் அபராதம் கட்டி வந்து சேர்ந்தார். வந்த பிறகுதான் அவர் குழுவில் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னார். "மூணு வருசமா உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியலயே" என்று அழுதார். குழு அவருடைய தவணையைப் பிரித்துக் கொடுத்தது. வட்டியை ஆறு மாதம் நிறுத்தி வைத்தது. கணவர் இப்போது இங்கேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறார். கடன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது அடைந்துவிடும்.

கை தூக்கிய சகோதரிகளே, வீட்டுக்குப் போனதும் இன்று இரவே போன் போடுங்கள். "சாப்பிட்டீங்களா, பணம் எப்ப அனுப்புவீங்க" என்று வழக்கமாகக் கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். "உடம்பு எப்படி இருக்கு? பர்மிட் எந்தத் தேதியில முடியுது?"

அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் இதே கேள்வியை மறுபடி கேட்போம். அப்போது நான்கு கைகள் மட்டும் நிற்கக்கூடாது.